ஐரோப்பாவில் டொர்னாடோ உண்டா?

ஒன்பதாம் வகுப்பில் வளிமண்டலம் பாடம் நடத்தும்போது டொர்னாடோ என்ற சொல் வந்தால் போதும், "அது அமெரிக்காவில்தானே சார் வரும்?" என்று எந்த ஆண்டிலும் யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார். ஹாலிவுட் படங்களும் அலைபேசிக் காணொலிகளும் அப்படி நினைக்க வைத்திருக்கின்றன. ஐரோப்பாவிலும் வருகிறது, செங்கல் வீடுகளைத் தரைமட்டமாக்கும் அளவுக்கே வருகிறது என்று சொன்னால், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்படியென்றால் ஏன் சார் நாங்கள் கேள்விப்படவே இல்லை?" முதல் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. ஐரோப்பியர்களிலேயே பலர் பல ஆண்டுகளாகக் கேள்விப்படாமல் இருந்தார்கள் என்பதுதான் அதற்கான விடை.

முதலில் சொல்லைச் சரிசெய்து கொள்வோம். சூறாவளி என்ற சொல்லை நாம் பாடநூலில் வெப்பச் சூறாவளி, மித வெப்பச் சூறாவளி என்று பெரிய புயல்களுக்குப் பயன்படுத்துகிறோம். நாளிதழ்களோ டொர்னாடோவையும் சூறாவளி என்றே எழுதுகின்றன. இரண்டும் வேறு. வங்கக் கடல் புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டது. பல நாள் நீடிப்பது. செயற்கைக்கோள் அதை முன்கூட்டியே காட்டிவிடும். டொர்னாடோ என்பது ஓர் இடிமேகத்தின் அடியிலிருந்து தரை வரை இறங்கி நிற்கும், வேகமாகச் சுழலும் காற்றுத் தூண். அகலம் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் வரை இருக்கும். ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்கள். குழப்பம் வேண்டாம் என்பதால் வகுப்பில் நான் டொர்னாடோ என்றே சொல்கிறேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

2021 ஜூன் 24, வியாழக்கிழமை. செக் குடியரசின் தென்கிழக்கு மூலையில், ஆஸ்திரிய, ஸ்லோவாக்கிய எல்லைகளுக்கு அருகில் உள்ள தெற்கு மொராவியா. திராட்சைத் தோட்டங்களும் சிறு கிராமங்களும் நிறைந்த சமவெளி அது. அன்று பகல் முழுக்கப் புழுக்கம். மாலையில் இடியுடன் பெரிய ஆலங்கட்டிகள் விழுந்தன. ஏழரை மணி வாக்கில், வெயில் இன்னும் இறங்காத கோடை மாலையில், டொர்னாடோ தரையைத் தொட்டது. அரைமணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக அது நகர்ந்தது. சுமார் 26 கிலோமீட்டர் நீளத்துக்கு ஹ்ருஷ்கி, மொராவ்ஸ்கா நோவா வெஸ், மிகுல்சிட்சே, லுஷிட்சே ஆகிய ஊர்களையும் ஹோடொனின் நகரின் ஒரு பகுதியையும் உழுதுவிட்டுப் போனது. ஓட்டுக்கூரைகள் மட்டுமல்ல, செங்கல் சுவர்களும் விழுந்தன. ஹோடொனினில் முதியோர் இல்லமும் விலங்குக் காட்சிச்சாலையும் சேதமடைந்தன. 6 பேர் உயிரிழந்தனர். 200 பேருக்கு மேல் காயமடைந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 200 வீடுகளைப் பழுதுபார்க்க வழியில்லாமல் இடிக்க வேண்டியதாயிற்று.

ஆய்வாளர்கள் வந்து பார்த்து அதற்கு F4 என்று தரம் கொடுத்தார்கள். அளவுகோலின் உச்சத்துக்கு ஒரு படி கீழே. அந்த நாட்டில் நவீனக் காலத்தில் அதுவரை பதிவானவற்றில் அதுவே வலிமையானது. தங்கள் ஊரில் இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்று அங்கிருந்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

இது எப்படி உருவாகிறது? தரையருகே வெப்பமும் ஈரமும் மிக்க காற்று. மேலே குளிர்ந்த காற்று. இந்த நிலையில் கீழ்க்காற்று வேகமாக மேலெழும். இது எல்லா இடிமழைக்கும் பொது. டொர்னாடோவுக்கு இன்னொன்றும் வேண்டும்: உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் திசையும் மாற வேண்டும். இதை விளக்க ஒரு பென்சில் போதும். இரு உள்ளங்கைகளுக்கு இடையே பென்சிலைப் படுக்கையாக வைத்து, மேல்கையை மட்டும் முன்னே தள்ளினால் பென்சில் உருளும். மேல்காற்று வேகமாகவும் கீழ்க்காற்று மெதுவாகவும் வீசும்போது இடையிலுள்ள காற்றும் இப்படித்தான் படுக்கையாக உருளுகிறது. மேலெழும் காற்று இந்த உருளையை நடுவில் பிடித்துத் தூக்கி நிமிர்த்துகிறது. இப்போது மேகமே மெதுவாகச் சுழலத் தொடங்கும். அப்படிச் சுழலும் பெரிய இடிமேகத்துக்கு சூப்பர்செல் என்று பெயர். அதன் அடிப்பகுதியில் சுழற்சி குறுகிக் குறுகித் தரையைத் தொட்டால் டொர்னாடோ. குறுகும்போது வேகம் ஏன் கூடுகிறது என்பதற்குக் கோண உந்த அழியா விதியைச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் அறையில் நன்றாகச் சுழலும் நாற்காலி இருந்து, அவரும் அனுமதித்தால், இரு கைகளிலும் கனமான புத்தகங்களை ஏந்தி ஒரு மாணவரை உட்கார வைத்து மெல்லச் சுற்றிவிடலாம். விரித்த கைகளை மடக்கியதும் வேகம் கூடுவதை வகுப்பே பார்க்கும்.

அறிவியல் கண்காட்சிகளில் இரண்டு பாட்டில்களை வாயோடு வாய் ஒட்டி, நீரைச் சுழலவிட்டு, "டொர்னாடோ மாதிரி" என்று எழுதி வைப்பதைப் பார்த்திருப்போம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் நீர் கீழே இறங்குவதால் சுழல் வருகிறது. டொர்னாடோவில் காற்று மேலேறுகிறது. அந்த ஒரு வரியை விளக்க அட்டையில் எழுதாவிட்டால், மாணவர் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார்.

சூப்பர்செல் என்றாலே அமெரிக்கப் புல்வெளியின் படம்தான் மனத்தில் வருகிறது. ஆனால் அந்தக் கருத்து பிறந்ததே ஐரோப்பாவில். 1959 ஜூலை 9 அன்று தெற்கு இங்கிலாந்தில் வோக்கிங்ஹாம் என்ற ஊரின் மீது பெரும் ஆலங்கட்டி மழை பெய்தது. அதை ரேடார் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்த கீத் பிரவுனிங், ஃபிராங்க் லட்லம் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள்தான் இவ்வகை மேகத்தின் உள்ளமைப்பை முதலில் தெளிவாகக் காட்டினார்கள். சூப்பர்செல் என்ற பெயரும் பிரவுனிங் வைத்ததே. மத்தியதரைக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் குளிர்ந்த மேல்காற்று, இரண்டும் சந்திக்கும் சமவெளிகள். ஐரோப்பாவிலும் தேவையான எல்லாம் இருக்கின்றன. அமெரிக்காவில் அவை அடிக்கடி ஒன்றுசேர்கின்றன. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் டொர்னாடோக்கள் பதிவாகின்றன. ஐரோப்பாவில் குறைவு. குறைவு என்பது மெல்ல மெல்ல இல்லை என்று ஆகிவிட்டதுதான் சிக்கல்.

F4 என்றேன். அது எப்படி அளக்கப்படுகிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ரிக்டர் அளவுகோல்போல ஒரு கருவி காட்டும் எண் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். டொர்னாடோவின் காற்று வேகத்தைத் தரையில் நேராக அளக்க ஏறக்குறைய வழியே இல்லை. கருவி வைத்த இடத்துக்கு அது வராது, வந்தால் கருவி மிஞ்சாது. ஆகவே 1971-இல் டெட்சுயா ஃபுஜிட்டா என்ற ஜப்பானிய-அமெரிக்க அறிவியலாளர் ஒரு வழி சொன்னார். சேதத்தைப் பார்த்து வேகத்தை மதிப்பிடுவது. ஓடுகள் பறந்ததா, கூரை முழுதும் போனதா, சுவர் விழுந்ததா, அடித்தளம் மட்டும் மிச்சமா? F0 முதல் F5 வரை ஆறு படிகள். F4 என்றால் மணிக்கு சுமார் 330 முதல் 420 கிலோமீட்டர் வரை.

இதில் ஐரோப்பாவுக்கு ஒரு தொல்லை இருந்தது. அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனவை. ஐரோப்பிய வீடுகள் செங்கல், கல். ஒரே காற்று இரண்டிலும் ஒரே சேதத்தை உண்டாக்காது. அதனால் ஐரோப்பியக் கடும்புயல் ஆய்வகம் பல வகைச் சுவர், கூரை, மரம், வாகனம் ஆகியவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துப் பன்னாட்டு ஃபுஜிட்டா அளவுகோல் ஒன்றை உருவாக்கி 2023-இல் வெளியிட்டது. மொராவியாவில் வீடு வீடாகச் சென்று பதிவுசெய்த சேதங்கள் இந்த வேலைக்குப் பெரிதும் உதவின.

அப்படியானால் சேதத்தை எழுதி வைத்தவர் இல்லையென்றால், அந்த டொர்னாடோ இல்லை. எனக்கு இந்தப் பொருளில் மிகவும் பிடித்த செய்தி இங்கேதான் வருகிறது.

1764 ஜூன் 29 அன்று வடக்கு ஜெர்மனியில் வோல்டெக் என்ற சிற்றூரின் அருகே ஒரு டொர்னாடோ சுமார் 30 கிலோமீட்டர் தூரம் சென்றது. கோட்லோப் புர்கார்ட் கென்ஸ்மர் என்பவர் அந்தப் பாதையை ஆராய்ந்தார். அவர் பாதிரியார், இயற்கை ஆர்வலர், அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர். பின்னாளில் இங்கிலாந்து அரசியான சார்லட் சிறுமியாக இருந்தபோது அவரிடம் படித்தவர். எந்த மரம் எப்படி விழுந்தது, எந்தக் கட்டடம் என்ன ஆனது என்று கென்ஸ்மர் பத்தி பத்தியாக எழுதி 1765-இல் நூலாக வெளியிட்டார். வானிலை ஆய்வு மையங்கள் எங்கும் தோன்றாத காலம் அது. இரண்டு நூற்றாண்டுக்கும் மேலான பிறகு, அவருடைய வருணனையை மட்டும் வைத்து இன்றைய அறிவியலாளர்கள் அந்த டொர்னாடோவுக்கு F5 என்று தரம் கொடுத்திருக்கிறார்கள். ஓர் ஆசிரியரின் களக்குறிப்புக்கு இதைவிடப் பெரிய மதிப்பெண் கிடைக்காது.

அடுத்த பெயர் நமக்கெல்லாம் தெரிந்தது. ஆல்ஃபிரட் வெகனர். கண்ட நகர்வுக் கோட்பாடு என்று நாம் பாடம் நடத்தும் அதே வெகனர். அவர் தொழிலால் வானிலை ஆய்வாளர்; காலநிலை வகைப்பாட்டுக்காக நாம் படிக்கும் கோப்பனின் மருமகன். 1917-இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, அவர் ஐரோப்பாவின் டொர்னாடோக்களையும் நீர்த்தம்பங்களையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கடல் அல்லது ஏரியின் மேல் தோன்றும் சுழலைத்தான் நீர்த்தம்பம் என்கிறோம். பழைய நூல்கள், செய்திகளிலிருந்து 258 நிகழ்வுகளைத் திரட்டி, ஐரோப்பாவில் ஆண்டுக்குக் குறைந்தது 100 ஏற்படும் என்று மதிப்பிட்டார். அவருடைய தூண்டுதலால் எஸ்டோனியாவைச் சேர்ந்த யோஹன்னஸ் லெட்ஸ்மன் இந்தத் துறையில் இறங்கி, சேதத்தை எப்படி ஆராய வேண்டும் என்பதற்கான வழிமுறைகளையே 1930-களில் எழுதினார்.

பிறகு என்ன நடந்தது? இரண்டாம் உலகப்போர் வந்தது. அதன்பின் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் இந்தக் கணக்கெடுப்பு நின்றுபோனது. அமெரிக்காவில் இதே காலத்தில் டொர்னாடோ ஆராய்ச்சி ஓங்கி வளர்ந்தது. அதனால் டொர்னாடோ என்பது அமெரிக்கச் சரக்கு என்ற எண்ணம் ஐரோப்பியர்களிடமே வேரூன்றியது. கணக்கெடுப்பதில்லை, ஆகவே எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லை, ஆகவே ஆபத்து இல்லை. ஆபத்து இல்லையென்றால் எதற்குக் கணக்கெடுப்பு? இந்த வட்டம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

ஆனால் காற்று காத்திருக்கவில்லை. 1967 ஜூன் 24 அன்று வடக்கு பிரான்சில் பல டொர்னாடோக்கள் தாக்கின. பல்யுவல் என்ற கிராமம் நொறுங்கியது. மறுநாள் அதே வானிலை பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் நகர்ந்தது. அன்று நெதர்லாந்தின் வானிலை நிறுவனம், டொர்னாடோ வரக்கூடும் என்று முன்னறிவிப்பில் சொன்னது. ஐரோப்பாவில் அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை. சொன்னபடியே வந்தது, டிரிக்ட் என்ற ஊரில் 5 பேரும் காம் என்ற ஊரில் 2 பேரும் இறந்தனர். அந்த முன்னறிவிப்பு தொடர்ந்து வளர்ந்து ஒரு முறையாக மாறியிருக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். மாறவில்லை.

1970 செப்டம்பர் 11 அன்று வெனிஸ் நகரின் உப்பங்கழியில் ஒரு டொர்னாடோ பயணிகள் படகு ஒன்றைக் கவிழ்த்தது. படகில் மட்டும் 21 பேர், மொத்தத்தில் 36 பேர் மாண்டனர். 1984 ஜூன் 9 அன்று சோவியத் ஒன்றியத்தில், மாஸ்கோவுக்கு வடகிழக்கே இவானோவோ வட்டாரத்தைத் தாக்கிய டொர்னாடோவில் 69 பேர் இறந்ததாக அதிகாரப்பூர்வக் கணக்கு. உண்மையில் 400-க்கு மேல் இருக்கலாம் என்றும் சொல்லப்படுகிறது. வடக்கு இத்தாலியில், வெனிஸுக்கு மேற்கே டோலோ, மிரா ஊர்களில் 2015 ஜூலை 8 அன்று, பதினேழாம் நூற்றாண்டு மாளிகையான வில்லா ஃபினி சில நொடிகளில் செங்கல் குவியலாயிற்று. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், தெற்காசியர்கள் நிறைய வாழும் ஸ்பார்க்புரூக் பகுதியில் 2005 ஜூலை 28 அன்று கூரைகள் பறந்தன, சுமார் ஆயிரம் மரங்கள் சாய்ந்தன. 19 பேர் காயமடைந்தும் உயிரிழப்பு இல்லாமல் போனது.

கோடையில்தான் வரும் என்றும் இல்லை. உள்நாட்டுப் பகுதிகளில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதிகம். மத்தியதரைக் கடலோரத்தில் இலையுதிர் காலமும் குளிர்காலத் தொடக்கமும்கூட ஆபத்தானவை. கடல் நிலத்தைவிட மெதுவாகக் குளிர்வதே காரணம். தெற்கு இத்தாலியின் டரான்டோவில் 2012 நவம்பர் 28 அன்று ஒரு பெரிய எஃகு ஆலையை டொர்னாடோ தாக்கியது. கிரேன் அறைக்குள் இருந்த தொழிலாளி ஒருவர் அறையோடு கடலுக்குள் வீசப்பட்டு இறந்தார்.

இன்று ஐரோப்பியக் கடும்புயல் ஆய்வகம் நடத்தும் தரவுத்தளம் இந்தச் சிதறல்களை ஒன்றுசேர்க்கிறது. தன்னார்வலர்களும் வானிலை நிறுவனங்களும் தகவல் அனுப்புகிறார்கள். அதை வைத்து 1950 முதல் 2015 வரை கணக்கிட்டதில் 5,478 டொர்னாடோக்கள், 316 உயிரிழப்புகள், 4,462 காயங்கள், குறைந்தது 100 கோடி யூரோ இழப்பு என்று தெரியவந்தது. 66 ஆண்டுகளில் 5,478 என்றால் ஆண்டுக்கு 83. கணக்கெடுப்பே இல்லாத பத்தாண்டுகளையும் சேர்த்து இந்தச் சராசரி. வெகனர் நூறு என்று சொன்னதை நினைத்துப் பாருங்கள். இந்த வகுத்தலை மாணவர்களையே செய்யச் சொல்லலாம்.

சமீப ஆண்டுகளில் பதிவுகள் வேகமாகக் கூடுகின்றன. இதைக் காட்டி "காலநிலை மாற்றத்தால் ஐரோப்பாவில் டொர்னாடோ பெருகிவிட்டது" என்று எழுதும் மாணவருக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன். எல்லார் கையிலும் கேமரா வந்துவிட்டது, பதிவுசெய்ய ஓர் இடமும் வந்துவிட்டது. எண்ணிக்கை கூடியதற்கு முதல் காரணம் அதுதான். பதிவு கூடுவதும் நிகழ்வு கூடுவதும் வேறு என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டில் நன்றாகப் புரிய வைக்கலாம்.

எச்சரிக்கை விஷயத்தில் ஐரோப்பா இன்னும் பின்தங்கியே இருக்கிறது. அமெரிக்காவில் டொர்னாடோவுக்கென்றே எச்சரிக்கையும் சைரனும் உண்டு. பள்ளிகளில் ஒத்திகை உண்டு. ஐரோப்பாவின் பல நாடுகளில் கடும் இடிமழை எச்சரிக்கை மட்டுமே. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் ஒன்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது மக்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்: கீழ்த்தளத்துக்கோ நிலவறைக்கோ செல்வது, அது இல்லையென்றால் சன்னல் இல்லாத உள்ளறையில் தலையை மூடிக்கொண்டு குனிந்து உட்காருவது. பெரும்பாலான காயங்கள் பறந்துவரும் பொருள்களால்தான் ஏற்படுகின்றன. காற்றழுத்தத்தைச் சமன்செய்யச் சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும் என்று பழைய நூல்களில் ஒரு யோசனை இருக்கும். அது தவறு. அழுத்த வேறுபாட்டால் வீடு வெடிப்பதில்லை. உள்ளே புகும் காற்றுதான் கூரையைத் தூக்குகிறது.

இறுதியாக, வகுப்பில் செய்யக்கூடிய ஒரு செயல்பாடு. 2024 ஆகஸ்ட் 19 அன்று சிசிலிக் கரையில் பேசியன் என்ற சொகுசுப் படகு மூழ்கி 7 பேர் இறந்தது நினைவிருக்கலாம். முதல் நாள் செய்திகளில் நீர்த்தம்பம் என்றார்கள். பிறகு, மேகத்திலிருந்து கீழ்நோக்கி விழுந்து நாலாபுறமும் பரவும் காற்று, அதாவது டவுன்பர்ஸ்ட் என்ற கருத்தே வலுத்தது. கடலில் தடயம் கிடைக்காது. நிலத்தில் கிடைக்கும். டவுன்பர்ஸ்ட் அடித்த காட்டில் மரங்கள் விசிறி விரித்ததுபோல் வெளிநோக்கிச் சாய்ந்திருக்கும். டொர்னாடோ போன வழியில் இருபுறத்து மரங்களும் பாதையின் நடுக்கோட்டை நோக்கி, ஒன்றையொன்று குறுக்கிட்டு விழுந்திருக்கும். இரண்டு தாள்களில் மரங்களுக்குப் பதிலாக அம்புக்குறிகளை இப்படி வரைந்து, எது எது என்று எழுதாமல் குழுக்களுக்குக் கொடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, சுழன்றதா, பரவியதா என்று அவர்களே வாதிடட்டும். சில அம்புகளை வேண்டுமென்றே மாற்றிப் போட்டு வைத்தால் வாதம் இன்னும் சூடாக இருக்கும். ஒரு பாடவேளை போதும்.